ஜீனி என்னும் பெயர்

ஸ்கொத்லாந்து நாட்டுப் பாடல்களைப் பயிலப் புகுவோர்க்கு முதலில் எழும் ஐயம் ஒன்றுண்டு. அப்பாடல்களில் வரும் பெண்கள் பலராயிருக்க, அவர்தம் பெயர்கள் மிகச் சிலவாகவே இருப்பது யாது காரணம்பற்றி? மகி, பெகி, நான்சி, பெசி, ஜெனி, ஜீனி எனக் கைவிரல்களில் எண்ணி முடிக்கத்தக்க பெயர்களே பாட்டுக்குப் பாட்டு மீண்டும் மீண்டும் வருகின்றன. இதனைப் புலவர்தம் சொல்வறுமை எனக் கருதத் தோன்றும். ஆயின் அப்பெயர்களுள் ஒன்றை மட்டும் தனியே எடுத்து, அது வழங்கும் இடங்களையும் வழங்காத இடங்களையும் ஒப்பநோக்குமிடத்து, அது வறுமையால் வந்ததன்று, ஒரு தொழில் நோக்கி வைக்கப்பட்டது என்பது புலனாகும். அவ்வாறு ஆராய்தற்கு ஜீனி என்னும் செல்லப்பெயரினும் ஏற்றது பிறிதில்லை.

ஜீன் என்பது ஜோன் என்னும் ஆண்பெயர்க்கு நேரான பெண்பாற் பெயர். பழைய பிரெஞ்சு மொழியினின்றும் வந்து, ஆங்கிலரிடையே பெரும்பாலும் ஜேன் என வழங்கிய பெயரே ஸ்கொத்லாந்தில் ஜீன் என வேரூன்றியது. ஜனெட் என்பதும் அக்குடும்பத்துப் பெயரே. ஜீன் என்பதனோடு இகர ஈறு சேரின் ஜீனி ஆகும். இவ்வீறு ஆங்கிலத்திலும் உண்டெனினும், ஸ்கொத்து மொழி அதனை வழங்கும் தாராளம் ஆங்கிலம் அறியாதது. ஆளின் பெயர் என்றில்லை; பையன், பெண், ஓடை, பறவை எனக் கண்ணுக்கும் கைக்கும் எட்டிய எதனோடும் அம்மொழியினர் அதனைச் சேர்ப்பர். 1785 ஆம் ஆண்டிலே, கலப்பையாற் கூடு சிதைந்த வயலெலி ஒன்றைப் பார்த்து றொபேட் பேண்ஸ் பாடிய பாட்டில் அவ்வெலிக்குக் கிடைத்த விளிகளும் இவ்வீறு பெற்றனவே. ஆதலின் இதனைச் சிறுமைப்பொருள் தரும் விகுதி என்று கூறி நிறுத்திக்கொள்ளுதல் போதாது. அளவிற் சிறுமையைக் காட்டுவதினும், அழைப்பவர் எத்துணை அருகில் நிற்கின்றார் என்பதையே அது மிகுதியும் காட்டும்.

ஜீனிக்கு ஒரு தமக்கை உண்டு. ஜீன், ஜனெட், ஜேன் ஆகிய மூன்றுக்கும் பொதுவாய் வழங்கிய ஜெனி என்பதே அது. இரண்டும் ஒரு குடியிற் பிறந்தனவெனினும் ஒரு தரத்தன அல்ல. ஜெனி என்பது தெருவிற் கிடந்த பெயர். எந்த வேலைக்காரியும் ஜெனி; எந்த இடைச்சியும் ஜெனி; ஆங்கிலம் வழங்கும் நாடுகளிற் பெண் கழுதைக்கும் அதுவே பெயர். 1637 ஆம் ஆண்டு யூலை மாதம் எடின்பரோ நகரின் புனித ஜைல்ஸ் ஆலயத்திற் புதிய வழிபாட்டு நூலை வாசிக்கத் தொடங்கிய குருவின்மீது முக்காலியை வீசியெறிந்தாள் என்று சொல்லப்படும் சந்தைக்காரி, ஜெனி கெடிஸ் என்றே பெயர் பெற்றாள். அன்று ஆலயத்திற் கலகம் விளைந்தது என்பதற்குச் சான்றுண்டு; முக்காலி வீசியவள் பெயர் அதுதான் என்பதற்குச் சான்று வலியதன்று. பெயர் தெரியாத ஏழைப் பெண்ணொருத்திக்கு நாடு தானே இட்ட பெயர் ஜெனி என்று கொள்ளுதல் தகும். பேண்ஸ் தமது சவாரிக் குதிரைக்கு இவள் பெயரையே சூட்டினார். அதிற் பகடியும் உண்டு, மரியாதையும் உண்டு.

இச்செல்லப்பெயர் யாருக்கு உரித்தன்று என்பதை நேர்ன் சீமாட்டி இயற்றிய 'கொக்பென் பிரபு' என்னும் நகைச்சுவைப் பாடல் காட்டும். செருக்கு மிக்க நிலக்கிழான் ஒருவன், வறுமையுற்ற பழங்குடி மகளொருத்தியை மணம் பேசச் செல்கின்றான். அவள் மறுப்பாள் என்று அவன் கனவிலும் எண்ணவில்லை. அவளோ பணிந்து வணங்கி மறுத்துவிடுகின்றாள். அப்பெண்ணின் பெயர் ஜீன். ஆயின் பாட்டில் அவள் ஜீனி ஆவதில்லை. மரியாதைச் சொல் முன்னே நிற்கவே ஜீன் எனப்படுகின்றாள். கையிற் காசில்லை, குலம் உண்டு. அதனால் வெளியார் வாயில் அவள் பெயர் குறுகாது. அதே பெயரையுடைய குடியானவன் மகளோ ஊரார் எல்லார்க்கும் ஜீனி. செல்லப்பெயர் அன்பின் அடையாளம் என்பது பாதி உண்மையே. பிறரொருவரின் பெயரைக் கேளாமலே எடுத்து வழங்கும் உரிமையின் அடையாளம் என்பது மறுபாதி.

தமிழ் அகத்திணை மரபிலே தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டுதல் ஆகாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் சுட்டின் அப்பாட்டு ஒருவர்க்கே உரித்தாய்ச் சுருங்கிவிடும். ஸ்கொத்துப் பாடகரோ பெயரைச் சுட்டியே அப்பயனை எய்தினர். ஊருக்குப் பல ஜீனியர் வாழும் நாட்டில் ஜீனி என்றல் ஒருத்தியைச் சுட்டியதும் ஆகும். எவரையும் சுட்டாததும் ஆகும்.

இப்பெயரினம் இலக்கியத்துட் புகுந்த காலம் பழையது. 1568 ஆம் ஆண்டில், கொள்ளைநோய் எடின்பரோவை வருத்திய காலத்தில், ஜோர்ஜ் பனடைன் என்னும் வணிகர் தம் நாட்டுப் பாடல்களையெல்லாம் ஒரு பெருங் கையெழுத்துத் தொகுதியாகப் படியெடுத்தார். அத்தொகுதியில் ஜொக் என்பான் ஜெனியைப் பெண்கேட்டு வந்த கதை கூறும் பாடலொன்று உளது. பெண்ணின் தாய் மகளுக்குரிய சீதனத்தை எடுத்துரைக்கின்றாள்: வாத்து, பன்றிக்குட்டி, சேவல், பேடு, கன்று என அது நீள்கின்றது. ஜொக் தன் உடைமைகளைப் பதிலுக்கு அடுக்குகின்றான். அவை பெரும்பாலும் வீட்டுத் தட்டுமுட்டுகள். கேட்போர் நகைத்தற்காகவே செய்யப்பட்ட பாட்டு இது. எனினும் வீட்டார் ஜெனி என்ற பெயரைத் 'தங்களவள்' என்னும் உரிமைச்சொல் கூட்டியே வழங்குவது நோக்கற்பாலது. மகளும் சீதனப் பட்டியலில் ஓர் உருப்படி போலவே நிற்கின்றாள். நகையின் அடியில் இவ்வளவு கடுமை இருப்பதைப் பாடியவர் அறிந்தே வைத்தாரா என்பதை இன்று துணிதல் இயலாது.

அலன் ராம்சே 1725 இல் வெளியிட்ட 'பண்புசால் ஆயன்' என்னும் நாடகத்தில் இக்கணக்கு இன்னும் தெளிவாகின்றது. பற்றி, பெகி, றோஜர், ஜெனி என நால்வர் இளையோர். மணவாழ்வின் துன்பங்களை அஞ்சி ஜெனி பேச, இன்பங்களை எடுத்துப் பெகி மறுக்கும் காட்சியே அந்நாடகத்தின் உயிர்நிலை. பசியோடு அழும் பிள்ளைகளையும் குடித்துவரும் கணவனையும் கடனையும் நினைந்து பேசும் ஜெனியின் சொற்களில் உள்ள மெய்ம்மை பெகியின் இனிய விடையில் இல்லை. ஆயினும் நாடகம் பெகியின் பக்கமே சாய்கின்றது. முடிவிற் பற்றி உயர்குடி வீரரொருவரின் மகன் எனவும், பெகி அவ்வீரரின் உடன்பிறந்தாள் மகள் எனவும் வெளிப்படுகின்றன. பற்றி என்னும் செல்லப்பெயர் பற்றிக் என்னும் முழுப்பெயராய் வளர்கின்றது. ஜெனி மட்டும் ஜெனியாகவே இருக்கின்றாள். உண்மை பேசியவளுக்குக் கிடைத்தது பழைய பெயரே.

றொபேட் பேண்ஸிடம் வரும்போது இப்பெயர் பாட்டைவிட்டு வாழ்க்கைக்குள்ளும் புகுந்துவிடுகின்றது. அவர் 1785 இன் இறுதியை அடுத்து இயற்றிய 'குடியானவனின் சனி இரவு' என்னும் பாடலில், தன் உழைப்பின் ஊதியத்தைப் பெற்றோர் கையிற் கொடுக்க வீடு வரும் மூத்த மகள் ஜெனி. அவளைத் தேடி நாணத்தோடு ஓர் இளைஞன் வாயிற்கதவைத் தட்டுகின்றான். அவ்வளவில் இயல்பாய் நடந்த பாட்டு, இத்தகைய பேதைப் பெண்ணை வஞ்சிக்கும் கயவனும் உளனோ எனத் திடீரெனக் குரலுயர்த்திச் சினக்கின்றது. அவ்விடத்தில் ஸ்கொத்து மொழி மறைந்து, ஏட்டு ஆங்கிலமும் மேடையொலியும் வந்துவிடுகின்றன. ஜெனி என்னும் பெயர் ஒன்றே அச்செய்யுளில் ஊர்மணம் மாறாது நிற்கும் சொல். பேண்ஸின் வேறெப்பாட்டிலும் இத்துணைப் பொய்யான அடிகள் இல்லை என்பது மிகையன்று.

அப்பாடல் அச்சேறிய 1786 ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளை அறிவோர்க்கு அச்சினம் இன்னும் வேறாகத் தோன்றும். மொக்லின் என்னும் ஊரிற் கற்கட்டட மேத்திரியாராயிருந்த ஜேம்ஸ் ஆமர் என்பவரின் மகள் ஜீன் அப்போது பேண்ஸாற் கருவுற்றிருந்தாள். ஸ்கொத்லாந்துச் சட்டப்படி இருவர் தம்முள் ஒப்பி எழுதிய ஓலையும் மணத்தை நிலைநாட்ட வல்லது. அத்தகைய ஓலையொன்றைப் பேண்ஸ் அவளுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். தந்தையார் அவ்வோலையை ஏர் நகரத்து வழக்கறிஞர் றொபேட் எய்ட்கின் என்பவரிடம் கொண்டுசெல்ல, அதிலிருந்த பெயர்கள் வெட்டியெடுக்கப்பட்டன. 'குடியானவனின் சனி இரவு' என்னும் பாடல் காணிக்கையாக்கப்பட்டிருப்பதும் இவ்வெய்ட்கினுக்கே! செப்டெம்பர் மாதம் ஜீன் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றாள். மொக்லின் திருச்சபை மன்று அவர்கள் மணத்தை ஏற்றுக்கொண்டது 1788 ஆம் ஆண்டிலேதான்.

1788 இலேயே எலிஸ்லாந்து என்னும் புதிய பண்ணையிற் குடிபுக முயன்றுகொண்டிருந்த பேண்ஸ், மொக்லினில் இருந்த மனைவியை நினைந்து, வில்லியம் மாஷல் என்பார் அமைத்த ஆட்டமெட்டொன்றுக்குப் பாட்டெழுதினார். காற்று வீசும் திசைகளுள் மேற்றிசையே தமக்கு உவந்தது, அவள் வாழும் திசை அதுவாதலின் என்பது அப்பாட்டின் பொருள். பூவிலும் பறவையொலியிலும் அவளையே அவர் காண்கின்றார். பேண்ஸின் காதற்பாடல்களில் இதனினும் கட்டுக்கோப்புடையது அரிது. இங்கே நோக்கவேண்டியது பெயர். ஏனைய பெண்களைப் பாடும்போது இகர ஈற்றை அள்ளி வழங்கிய பாவலர், தம் மனைவியை இப்பாட்டில் ஜீனி என்று அழைக்கவில்லை; ஜீன் என்றே இருமுறை குறிக்கின்றார். செல்லம் குறைந்ததனால் அன்று. ஓலையிலிருந்து வெட்டப்பட்ட பெயர் அந்த முழுப்பெயரே. ஊரார் வாயில் இழிந்த பெயரை ஞானஸ்நானப் பெயராகவே மீட்டு, 'என்' என்னும் உரிமைச்சொல்லோடு பாட்டில் நிறுத்தியமை, சபை மன்றின் பதிவினும் வலிய பதிவாயிற்று.

பேண்ஸ் பெயர்களை எவ்வாறு ஆண்டார் என்பதற்கு மாறான சான்றுகளும் உள. எடின்பரோவில் அவர் பழகிய அக்னெஸ் மக்லஹோஸ் என்னும் சீமாட்டிக்கு எழுதிய கடிதங்களில் அவள் கிளாரிண்டா, அவர் சில்வாண்டர். இடையர் வேடமிட்ட ஏட்டுப் பெயர்கள் இவை. கடிதங்களும் அவ்வேடத்துக்கு ஏற்பவே நீண்டும் இளைத்தும் செல்கின்றன. 1791 இன் இறுதியில், அவள் யமெய்க்காத் தீவுக்குச் செல்ல இருந்த வேளையில், அவர் எழுதிய பிரிவுப் பாடலில் கிளாரிண்டா இல்லை. அக்னெஸ் என்னும் பெயருக்கு ஸ்கொத்லாந்தில் வழங்கிய செல்லப்பெயர் நான்சி; அப்பாட்டில் அவள் நான்சி. பெயர் மாறிய அவ்விடத்திலேயே பாட்டின் பொய்ம்மையும் கழன்றுவிட்டது. பின்னர் ஜீன் லொறிமர் என்னும் இளம்பெண்ணைப் பாடப் புகுந்தபோது அவளுக்குக் குளோறிஸ் என்று கிரேக்கப் பெயர் சூட்டினார். இன்னொரு ஜீனை அப்பெயராற் பாட அவர் கூசினார் போலும். குளோறிஸ் பாடல்களுள் நிலைத்தவை சிலவே.

பேண்ஸுக்கு முன்னரே வேறொரு வழி திறந்திருந்தது. 1772 அளவில், பல்கரிஸ் மாளிகையில் வாழ்ந்த இருபத்தொரு வயதுப் பெண்ணான ஆன் லின்ட்சே சீமாட்டி, நாகரிகமற்ற சொற்களுடன் வழங்கிய பழைய மெட்டொன்றுக்குப் புதிய பாட்டெழுதினார். 'கிழவன் றொபின் கிரே' என்னும் அப்பாட்டை ஏழைப் பெண்ணொருத்தி தானே பாடுகின்றாள். அவள் காதலன் ஜேமி. மணம் முடிக்கப் பொருள் தேடிக் கடல்மேற் செல்கின்றான். அவன் சென்றபின் தந்தையின் கை முறிகின்றது, பசு களவுபோகின்றது, தாய் நோயிற் கிடக்கின்றாள். றொபின் கிரே என்னும் கிழவன் அவர்களைத் தாங்குகின்றான். தாங்கியவன் மணம் கேட்கின்றான். தந்தை வற்புறுத்துகின்றார். தாய் ஒன்றும் சொல்லவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கின்றாள். ஜேமியின் மரக்கலம் உடைந்ததெனச் செய்தி வருகின்றது. மணம் நடந்து நாலு கிழமைக்குள் ஜேமி உயிரோடு வந்து நிற்கின்றான்.

பதிப்புக்குப் பதிப்பு ஜெனி என்றும் ஜீனி என்றும் மாறி வழங்கும் இவள் பெயர், பாட்டில் விளியாக வருமிடம் மனத்தை வருத்துவது. அப்பெயரைச் சொல்லி அழைப்பவன் காதலன் அல்லன், கிழவன். பெற்றோரின்பொருட்டுத் தன்னை மணக்குமாறு கண்ணீரோடு கேட்கும்போது அவன் அதனைச் சொல்கின்றான். அன்பும் உதவியும் கடனும் ஒருங்கே சேர்ந்து அப்பெயரில் அமர்ந்துகொள்கின்றன. அதனால் அதனை மறுத்தல் அரிதாகின்றது. கொடியவன் கேட்டிருந்தால் மறுத்திருப்பாள். கப்பல் உடைந்த செய்தி கேட்டு, தான் ஏன் இறக்கவில்லை எனத் தன்னையே அப்பெயராற் குறித்துப் புலம்பும் பாடபேதமும் உண்டு. பிறர் வைத்த பெயரால் அவள் தன்னைத் தானே அயலாள்போற் பார்க்கும் அந்தக் கணம் பாட்டின் உச்சம்.

இத்தகைய பாட்டை எழுதியவர் அரை நூற்றாண்டு தம் பெயரை மறைத்து வைத்தார். பழங்காலத்துப் பாட்டென்று சிலர் வாதாடினர்; எழுதியவர் யாரெனக் கண்டுபிடிப்போர்க்குப் பத்திரிகையிற் பரிசும் அறிவிக்கப்பட்டது என அவரே பின்னர் எழுதினார். வால்டர் ஸ்கொட் தமது 'கடற்கொள்ளைக்காரன்' என்னும் நாவலில் இப்பாட்டை அவருடையதெனக் குறிப்பிட, 1823 இல் அவர் ஸ்கொட்டுக்குக் கடிதமெழுதி உண்மையை ஒப்புக்கொண்டார். 1825 இல் ஸ்கொட்டின் பதிப்பு வந்தது. அவ்வாண்டிலேயே அவரும் மறைந்தார். அப்பதிப்பில் உள்ள தொடர்ச்சியிற் றொபின் கிரே தானே பசுவைத் திருடியதாகச் சொல்லி இறக்க, ஜேமியும் அவளும் கூடுகின்றனர். கிழவனைக் கள்வனாக்கியதோடு முதற்பாட்டின் துயரமும் களவுபோயிற்று. அது எழுதப்படாமலே இருந்திருக்கலாம்.

நேர்ன் சீமாட்டியாகிய கரோலைனா ஒலிபன்ட் (1766–1845) தம் பெயரை இன்னும் ஆழமாக மறைத்தார். 1821 முதல் 1824 வரை வெளிவந்த 'ஸ்கொத்துப் பாணன்' என்னும் தொகுதிக்குப் பாடல்களை அளித்தபோது, போகன் அம்மையார் என்னும் புனைபெயரையே பூண்டிருந்தார். அவர் பாடல்களுள் மிகவும் போற்றப்பட்ட 'வாய்மையர் நாடு' குழந்தையை இழந்த தோழியொருத்திக்காக எழுதப்பட்டது. இறக்கும் தறுவாயில் உள்ள மனைவி, முன்னரே இறந்த குழந்தை தம்மை எதிர்நோக்கியிருக்கும் மேலுலகைப்பற்றிக் கணவனிடம் கூறுவதாக அமைந்தது. கணவன் பெயர் ஜோன். பின்னர் நேர்ந்தது வியப்புக்குரியது. பாடுவோரும் அச்சிடுவோரும் ஜோன் என்பதை ஜீன் என மாற்றிவிட்டனர். ஜீன் என்றதும் பேண்ஸின் மனைவியே நினைவுக்கு வந்தமையால், அப்பாட்டு பேண்ஸ் மரணப்படுக்கையில் மனைவிக்குப் பாடியது என்னும் கதையும் பரவியது. ஓர் எழுத்து மாற்றத்தால் தாயின் துயரம் கணவனின் விடைபெறுதலாயிற்று. பாடியவள் மறைந்து, கேட்பவளாக ஒருத்தி அமர்த்தப்பட்டாள். எழுதியவர் பெயர் மறைந்திருந்தமை இக்களவுக்கு வழியாயிற்று. அவர் பெயரோடு பாடல்கள் வெளிவந்தது 1846 இல், அவர் இறந்தபின்னர்.

இவ்விரு சீமாட்டியரும் ஏன் மறைந்துகொண்டனர் என்பதற்கு நாணம், குலமரியாதை எனக் காரணம் கூறுவர். வேறொன்றும் கூறத்தகும். சீமாட்டியின் பெயர் தலைப்பில் நின்றால் ஜீனியின் குரல் பொய்யாய்விடும். மாளிகையில் வாழ்ந்தோர் தம் துயரைத் தம் பெயராற் பாடுதற்கு அக்காலச் சமுதாயம் இடங்கொடுக்கவில்லை. குடிசைப் பெண்ணின் பெயரை இரவலாகப் பெற்றே அவர்கள் பாட நேர்ந்தது. குடிசைப் பெண்ணோ அவ்விரவலைக் கொடுத்ததையும் அறியாள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இப்பெயர் வரவேற்பறைப் பியானோவின்மேல் வைத்த பூச்சாடியாகிவிட்டது. 1854 இல் அமெரிக்கராகிய ஸ்டீபன் பொஸ்டர் இளம்பழுப்புக் கூந்தலையுடைய ஜீனியைப் பாடினார்; அவர் மனைவியின் பெயர் ஜேன். மெட்டு இனியது. ஆனால் அந்த ஜீனிக்குத் தந்தையும் இல்லை, பசுவும் இல்லை, கடனும் இல்லை. கூந்தல் மட்டுமே உண்டு. நூற்றாண்டின் இறுதியில் ஸ்கொத்லாந்திலேயே எழுந்த 'கீரைத்தோட்டக் கதைகள்' எனப்படும் கிராமியக் கதைகளைப்பற்றி மிகுதியாகச் சொல்லவேண்டியதில்லை. இகர ஈறு அவற்றிற் கண்ணீர் வரவழைக்கும் வெங்காயமாயிற்று.

இச்சிதைவு நேருமுன்னரே, 1818 இல், இப்பெயரின் முழு வலிமையையும் ஒருவர் கண்டு காட்டியிருந்தார். வால்டர் ஸ்கொட்டின் 'மிட்லோதியனின் இதயம்' என்னும் நாவலின் தலைவி ஜீனி டீன்ஸ். மாடு வளர்க்கும் முதியவரொருவரின் மூத்த மகள், அழகியல்லள், கல்வியும் சிறிது. பேரழகியாகிய அவள் தங்கை எஃபி, கள்ளத்திற் கருவுற்றுப் பெற்ற குழந்தையைக் கொன்றாள் என்று குற்றஞ்சாட்டப்படுகின்றாள். 1690 ஆம் ஆண்டுச் சட்டப்படி, கருவுற்றதை ஒருவர்க்கும் சொல்லாது மறைத்தவளின் குழந்தை காணாமற்போயின், அவள் கொலைக் குற்றவாளியே. தன்னிடம் தங்கை சொன்னாள் என்று ஜீனி ஒரு வார்த்தை கூறினால் எஃபி பிழைப்பாள். எஃபி சொல்லவில்லை.

நீதிமன்றிற் சாட்சிக் கூண்டை நோக்கிச் செல்லும் ஜீனியைக் கண்டதும் எஃபி கைநீட்டி அவள் பெயரை இருமுறை விளித்துத் தன்னைக் காக்குமாறு கதறுகின்றாள். இப்பெயரின் வரலாற்றில் இதனினும் கொடிய விளி இல்லை. தொட்டிற்பருவம் முதல் ஒருத்தி மற்றொருத்தியை அழைத்த சொல், பொய்ச்சத்தியம் செய்யுமாறு இப்போது கேட்கின்றது. றொபின் கிரேயின் விளிக்கு முன் பாட்டின் ஜீனி பணிந்தாள். டீன்ஸின் மகள் பணியவில்லை. தங்கை தன்னிடம் ஒன்றும் கூறியதில்லை என்றே விடையளிக்கின்றாள். பின்னர், தான் சொன்ன உண்மையின் விலையைத் தானே கொடுக்க இலண்டனுக்கு நடக்கின்றாள். ஸ்கொத்லாந்து எல்லைக்குள் வெறுங்காலோடும், இங்கிலாந்திற் புகுந்து நகைக்கப்பட்டபின் சப்பாத்தணிந்தும் சென்று, ஆகைல் கோமகன் துணையாற் கரோலைன் அரசியைக் காண்கின்றாள். தான் பேசுவது அரசியோடு என்பதையும் அறியாமலே வேண்டுகின்றாள். எஃபிக்கு மன்னிப்புக் கிட்டுகின்றது.

ஸ்கொட்டின் பிற நாவல்களில் எளிய மாந்தர் பக்கவாத்தியக்காரரே. இங்கு மட்டும் செல்லப்பெயருடைய ஒருத்தி தலைமை ஏற்றாள். எஃபி பின்னாளிற் சீமாட்டி ஸ்டாண்டன் ஆகித் தன் செல்லப்பெயரை உதிர்த்துவிடுகின்றாள்; அச்சத்தோடு வாழ்ந்து, கடைசியில் வெளிநாட்டுக் கன்னிமடத்திற் புகுகின்றாள். ஜீனி குருவானவரின் மனைவியான பின்பும் ஆசிரியர்க்குப் பெரும்பாலும் ஜீனியே. நாவலின் இறுதிப் பகுதி தேவைக்குமேல் நீண்டது என்பது மறுக்கவொண்ணாத குறை. ஆயினும் ராம்சேயின் நாடகத்தில் உண்மை பேசிய ஜெனிக்குக் கிடையாத இடத்தை ஒரு நூற்றாண்டு கழித்து அவள் இனத்தாளொருத்திக்குக் கொடுத்தவர் ஸ்கொட் என்பதை மறத்தலாகாது.

இந்நாவலின் கதை முழுவதும் புனைவன்று. டம்பிறீஸ் நாட்டுப் பகுதியில் 1738 இல் இசபெல் வோக்கர் என்பாள் இக்குற்றத்துக்கே மரணதண்டனை பெற்றாள். பொய்கூற மறுத்த அவள் தமக்கை கால்நடையாக இலண்டன் சென்று, ஆகைல் கோமகனைக் கண்டு மன்னிப்புப் பெற்றுவந்தாள் என்பது வரலாறு. அம்மூதாட்டியை நேரிற் கண்டு பேசிய பெண்மணியொருவர் எழுதியனுப்பிய செய்தியே ஸ்கொட்டுக்கு வித்தாயிற்று. தமக்கையின் பெயர் ஹெலன். ஸ்கொட் அப்பெயரை வைத்துக்கொள்ளவில்லை. ஹெலன் என்னும் பெயருக்கு ஊரில் அப்படியொரு விளி அமைவதில்லை என எண்ணினார் போலும். அல்லது நாட்டுப் பாடல்களில் வாழ்ந்த ஜீனியருக்கெல்லாம் பொதுவாய் ஒருத்தியை வேண்டினார் எனலாம்.

ஹெலன் வோக்கர் 1791 இல் ஏழையாகவே இறந்தாள். நாற்பது ஆண்டுகளின்பின், 1831 இல், அயன்கிரே ஆலய வளவில் அவள் புதைகுழிமேல் ஸ்கொட் தம் செலவில் ஒரு கல்லை நாட்டினார். ஹெலன் வோக்கர் என்னும் பெயரோடு ஜீனி டீன்ஸ் என்னும் பெயரும் அக்கல்லிற் பொறிக்கப்பட்டது. புனைகதை தன் மாந்தருக்கு அளித்த நற்பண்புகளை இவள் மெய்வாழ்விற் பயின்றாள் என்று அது கூறும். உயிரோடிருந்தபோது அவள் ஒருநாளும் கேட்டிராத பெயர் அது.